துரை வேடக்காரி

பெரியம்மா தன் மகளோடு இருக்க வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் நாடகம் இருந்தது. அரங்கத்தின் தேதியை மாற்ற முடியவில்லை.

நாங்கள் இந்த மண்ணின் ஆதிக்குடிகள். கப்பலில் வந்த துரைமார் எங்கள் நிலத்தை அளந்து பிடுங்கியதுதான் நாடகத்தின் கதை. நிலத்தைவிட்டு நகர மறுக்கும் குலக் கிழவி மூத்தாளின் வேடம் பெரியம்மாவுக்கு, துரை வேடம் அவள் தங்கையான சித்திக்கு.

சித்திக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. சிறுவயதில் அவளை மட்டும் துரைமாரின் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். திரும்பியபோது அவர்கள் மொழிதான் நாக்கில் இருந்தது. எங்கள் மொழியைப் பிறகு கற்றாள். ஆனால் அவள் வாயில் சொற்கள் பூட்ஸ் போட்டு நடந்தன. அதனால் துரை வேடம் அவளுக்கென்றே ஆகிப்போனது. தெருப் பிள்ளைகளுக்கு அவள் 'துரையம்மா'.

மூத்தாளாக ஒருமுறை நடிக்க அவளுக்கு ஆசை. படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் அந்த வசனத்தை முணுமுணுப்பாள்.

அன்று ஒப்பனை அறையில், குழுவை நடத்தும் மாமாவிடம் போய் நின்றாள்.

"எனக்கு வசனம் தெரியும்ணா."

"தெரியும்டி. வாயைத் திறந்தா துரைதானே பேசுவான்."

"வேற ஆள் இருக்கா?"

மாமா தலையைச் சொறிந்தார். "சரி, துரையோட கோட்டு நான் மாட்டிக்கிறேன். தொப்பை பட்டனைப் பிச்சுக்கிட்டு வராம இருக்கணும்."

மேடையில் சித்தி பெரியம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "எங்க ஆத்தா எலும்பு இங்கதான் கெடக்கு. நான் நகர மாட்டேன்" என்றாள். துரை பேசுவதுபோலவே இருந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. சித்தி கடைசிவரை பேசி முடித்தாள்.

மூத்தாளையே துரை குரலில் பேசவைத்தது இயக்குநரின் துணிச்சல் என்று மறுநாள் பத்திரிகை பாராட்டியது. மாமா வாசித்துக் காட்டினார்.

"பேப்பர்லயே வந்துட்டோம்டி."

சித்தி பெரியம்மாவின் சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த முறை நாடகம் போட்டபோது மூத்தாளாக வேறொருத்தி வந்தாள். சித்தி கோட்டைத் தேய்த்து மாட்டிக்கொண்டாள். விரிப்பு மடிக்கும்போது அவள் உதடுகள் அசைவதில்லை.

சில வருஷம் நான் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பியபோது குழு கலைந்திருந்தது. கோட்டு சித்தி வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. நான் அங்கே இருந்தபோதுதான் அவள் போனில் பெரியம்மாவின் குரல்பதிவு வந்தது.

"பேத்தி அந்த மூத்தாள் வசனத்தைக் கேக்குறாடி, ஸ்கூல்ல பேசணுமாம். எனக்குப் பாதிக்கு மேல வரல. இங்க பேச ஆளில்லாம நாக்கு மரத்துப்போச்சு. நீ பேசி அனுப்பு. உன் வாயில எப்படி வருதோ அப்படியே."