கண்ணாடி மழையும் ஓர் அரங்கேற்றமும்

பிள்ளைகளே, போன கிழமை உங்களில் இளையவள் வேலையிடத்தில் ஒரு சிநேகிதியிடம் "பின்னேரம் கண்ணாடி மழையாம்" என்று சொன்னாளாம். சென்னையில் இருந்து வந்த அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடனே எனக்குத் தொலைபேசி. "அப்பா, அப்பிடி ஒரு சொல்லே இல்லையாம். நீங்களே உண்டாக்கினது?"

நான் உண்டாக்கவில்லை. உங்கள் அம்மா உண்டாக்கினார், நான் வானொலியில் சொன்னேன். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டாம் என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். அந்தக் கதை உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு நீங்கள் இருவரும் மண்டபத்தில் கதிரைகளுக்குக் கீழே தவழ்ந்து திரிந்தீர்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. டோர்செட் பார்க்கில் அடுக்குமாடியில் இருந்தோம். பகலில் எனக்கு மார்க்கம் நகரத்தில் பிளாஸ்டிக் போத்தல் செய்யும் ஃபக்டரியில் வேலை. காலையில், வேலைக்கு வெளிக்கிட முதல், தமிழ் வானொலியில் வானிலை வாசிப்பேன். அதற்கென்று ஒரு தனிப் பெட்டி வாங்கினால்தான் கேட்கக்கூடிய வானொலி அது. எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளில் அந்தப் பெட்டி இருந்தது. எனக்கு முதல் வாசித்தவர் அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போக, காலை ரயிலுக்கு ஓடவேண்டி வந்ததால் விட்டுவிட்டார். ஆங்கிலம் ஓரளவு விளங்கும் ஆள் என்று என்னைப் பிடித்தார்கள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஓ.எல். வரைதான். ஆனாலும் எனக்கு ஒரு முறை இருந்தது. வானிலை நிலையத்தின் பதிவு செய்த குரலைத் தொலைபேசியில் மூன்று தரம் கேட்பேன். முதல் தரம் குளிருக்கு, அடுத்தது காற்றுக்கு, கடைசித் தரம் வானத்தில் இருந்து என்ன விழப்போகிறது என்பதற்கு. பிறகு வீட்டில் இருந்தபடியே தொலைபேசியில் வானொலிக்குத் தமிழில் சொல்வேன்.

சொல்வது லேசான காரியம் இல்லை. காற்றோடு சேர்ந்த குளிரை இப்போது போல மைனஸ் போட்டு அப்போது சொல்வதில்லை. ஆயிரத்து நானூறு, ஆயிரத்து எண்ணூறு என்று ஒரு பெரிய இலக்கமாகச் சொல்வார்கள். நானும் அப்படியே வாசித்தேன். ஓர் அன்ரி தொலைபேசி எடுத்தார். "தம்பி, ஆயிரத்து அறுநூறு எண்டு சொன்னனீர். என்னத்தின்ர விலை அது?" அதற்குப் பிறகு இலக்கத்தை விட்டேன். காது மூடுகிற குளிர், முகம் மூடுகிற குளிர், வீட்டில் இருக்கிற குளிர் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னேன். எல்லோருக்கும் விளங்கியது.

விழுகிறதில் இன்னும் சிக்கல். ஒரே நாளில் ஸ்னோவும், சின்ன ஐஸ் உருண்டையும், விழுந்த இடத்திலேயே ஐஸாக உறைகிற ஃபிரீசிங் ரெயினும், வெறும் மழையும் மாறி மாறி வரும். ஐஸ் உருண்டைக்குச் சவ்வரிசி என்று பேர் வைத்தேன். ஃபிரீசிங் ரெயினை எனக்கு முதல் வாசித்தவர் பனிமழை என்பார். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். சனத்துக்கு அது ஸ்னோ மாதிரி விளங்கியது. இரண்டு வின்ரர் கண்ட சனம் ஸ்னோவுக்குப் பயப்படாது. ஒருநாள் அதே பனிமழையில் உங்கள் அம்மா வேலைக்கென்று வெளிக்கிட்டு, எங்கள் கட்டடத்துச் சரிவில் நின்ற நிலையில் தொடங்கி, வழுக்கி, இருந்த நிலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பனிமழையாம் பனிமழை. ஆரோ ஊர் முழுக்கக் கண்ணாடியை உருக்கி ஊத்தியிருக்கினம். போய்ப் பாருங்கோ."

அடுத்த முறை கண்ணாடி மழை என்று வாசித்தேன். அந்தச் சொல் அப்படியே பிடித்துக்கொண்டது. லிஃப்டில் காண்பவர்கள் "அண்ணை, இண்டைக்குக் கண்ணாடியோ?" என்று கேட்பார்கள். ஓம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார்கள்.

வில்லங்கம் அங்கேதான் வந்தது. எங்களுக்கு இரண்டு மாடி கீழே என்னோடு வேலை செய்கிற நண்பர் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னிடம் கார் இல்லை, அவருடைய காரில்தான் வேலைக்குப் போய் வருவேன். அவருக்கு ஒரே மகள். ஆறு வயதில் நடனம் தொடங்கிய பிள்ளை. வீட்டுக் கார்ப்பெட்டில் ஆடப் பழகுவாள், கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார், அந்த இடியையும் தாளமாக எடுத்துக்கொண்டு ஆடுவாள். பத்து வருடத்துக்குப் பிறகு அரங்கேற்றம் வந்தது. பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், மார்க்கத்தில் ஒரு மண்டபம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது காரில் அவர் கேட்டார்.

"அண்ணை, நாளைக்கு என்ன சொல்லப்போறியள்?"

"நிலையம் சொல்லுறதைத்தான்."

"நானும் கேட்டனான். பின்னேரம் உங்கட கண்ணாடி இருக்கு."

"ஓம். இருக்கு."

"நான் பொய் சொல்லச் சொல்லேல்லை. உந்தச் சொல்லை மட்டும் விடுங்கோ. உங்களுக்கு முந்தி வாசிச்சவர் சொன்ன மாதிரிப் பனிமழை எண்டு சொல்லுங்கோவன். அதுவும் தமிழ்தானே?"

"தமிழ்தான் தம்பி. ஆனால் பனிமழை எண்டால் சப்பாத்து நனையும் எண்டுதான் சனம் நினைக்கும்."

"நனையட்டுமன்! கண்ணாடி எண்டு நீங்கள் சொன்னால் ஒரு குருவியும் வராது. என்ர பிள்ளை வெறுங்கதிரைக்கே ஆடுறது?"

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளைக்கு அரங்கேற்றம் ஒருமுறைதான். ஆனால் பனிமழை என்ற சொல்லை நம்பி ஒருவர் நெடுஞ்சாலையில் ஏறினால் அவருக்கும் உயிர் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து நிலையத்தின் குரலை மறுபடி கேட்டேன். மெட்ரோ, யோர்க், டர்ஹாம் என்று ஒவ்வொரு பகுதியாகக் கேட்டேன். மத்தியானம் ஸ்னோ தொடங்கும். கிழக்குக் காற்று. நாலு மணியளவில் சவ்வரிசி, அதற்குப் பின்னால் கண்ணாடி. ஏரிக்கரைப் பக்கம் முதலில் சூடேறி வெறும் மழையாகிவிடும். வடக்கே மார்க்கத்தில் அது எட்டு மணிவரை பிந்தும். பிறகு காற்று மேற்குக்குத் திரும்பி எல்லாம் உறையும். அப்போதுதான் எனக்குப் பட்டது. நான் இத்தனை நாளும் என்ன விழும் என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறேன். எந்த இடத்தில், எப்போது என்பதையும் அவர்கள் சொல்கிறார்கள். ஒரு சொல்லை நாள் முழுக்கப் போர்த்தினால் சனம் வீட்டில் இராமல் என்ன செய்யும்?

காலையில், வாசிக்க முதல், கீழே போய் அவருடைய கதவைத் தட்டினேன்.

"மண்டபம் எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

"ரெண்டுக்கு. சோடிக்கவேணுமெல்லே."

"சனத்தை மூண்டுக்கு வரச் சொல்லட்டோ?"

"எங்கட சனத்தையோ? அஞ்சு மணி எண்டு கார்ட் அடிச்சால் ஆறரைக்கு வாற சனம், அண்ணை!"

உள்ளே இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "சொல்லட்டுமப்பா. வாறவைக்குத் தேத்தண்ணி நான் குடுக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். "கண்ணாடியையும் சொல்லுவியளோ?"

"சொல்லுவன். வேளைக்கு வரவேண்டிய காரணமே அதுதானே."

"உங்கட விருப்பம்" என்று கதவைச் சாத்தினார்.

நான் வாசித்தேன். "பின்னேரம் மார்க்கம் பக்கம் கண்ணாடி மழை. கொண்டாட்டங்களுக்குப் போகிறவர்கள் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். அதற்குப் பிறகு வெளிக்கிட வேண்டாம். போன இடத்தில் எட்டு மணிவரை இருங்கள். மழையாக மாறிய பிறகு வெளிக்கிட்டு, மேற்குக் காற்று வருவதற்கு முதல் வீடு சேருங்கள்." நிகழ்ச்சி நடத்துகிற தம்பி தொலைபேசியில் சிரித்தார். "அண்ணை, உது வானிலையோ, பஸ் ரைம் ரேபிளோ?"

எங்களையும் அந்த நண்பர்தான் காரில் ஏற்றிப்போனார். மூன்று மணிக்கு மண்டபத்தில் ஓர் ஐம்பது பேர் இருப்பார்கள். அவர் வாசலில் நின்று ஒவ்வொரு காராகப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் கதிரை அடுக்கினேன். பிறகு அஜக்ஸில் இருந்து மிருதங்கக்காரர் வந்து இறங்கினார், நாலு மணிக்கு வரவேண்டிய ஆள். "ரேடியோவில கேட்டிட்டு உடன வெளிக்கிட்டனான். மனுசி இன்னும் பொட்டும் வைக்கேல்லை, கார்க் கண்ணாடியில பாத்துத்தான் வைச்சவ" என்றார். அவருக்குப் பின்னால் காருக்குப் பின் கார். பட்டுச் சேலைக்கு மேலே பார்க்கா என்கிற குளிர்க்கோட்டுப் போட்ட பெண்கள், பிள்ளைகள், புறுபுறுத்துக்கொண்டு வந்த அங்கிள்மார். "மூண்டு மணிக்குக் கூப்பிட்டிருக்கினம், சோறாவது தருவினமோ?"

நாலு மணிக்குக் கூரையில் சவ்வரிசி கொட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. வெளியே எட்டிப் பார்த்தேன். வாகனத் தரிப்பிடம் முழுக்க மினுங்கியது.

மண்டபத்தில் முக்கால்வாசிக் கதிரை நிறைந்திருந்தது. பின்வரிசைகள் வெறுமைதான், அதை மறைக்கமாட்டேன். மண்டபத்துத் தொலைபேசிக்கு இரண்டு குடும்பங்கள் எடுத்தன. நாலு மணிக்கு வெளிக்கிட்டவர்கள், 401 நெடுஞ்சாலையில் கார்கள் அசையாமல் நிற்கின்றன, திரும்பிப் போகிறோம் என்றார்கள். அதைக் கேட்ட நண்பர் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வானொலி கேட்டு முந்தி வந்த மிருதங்கக்காரர் அங்கே சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். நேரே நடன ஆசிரியையிடம் போய், "ரீச்சர், தொடங்குவம்" என்றார். கார்டில் போட்ட நேரத்துக்குக் கால் மணி முந்தித் தொடங்கிய தமிழ் நிகழ்ச்சியை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

பிள்ளை ஆடினாள். எனக்கு நடனம் தெரியாது. ஆனால் வர்ணத்தில் அவள் கால் தட்டத் தட்ட, சோறு கேட்ட அங்கிள்மார் அதை மறந்து இருந்தது தெரியும். மேடை வெளிச்சத்தில் அவளுக்குப் பின்வரிசைகள் தெரிந்திராது. முன்னால் இருந்த முகங்கள் தெரிந்திருக்கும்.

ஆட்டம் முடிந்தும் வெளியே கண்ணாடி மாறவில்லை. நண்பர் என்னிடம் வந்தார். காலைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

"அண்ணை, சனத்தை எப்ப விடலாம்?"

"இன்னும் இல்லை. கொஞ்சம் பிடிச்சு வைச்சிருங்கோ."

"என்னத்தை வைச்சுப் பிடிக்கிறது? இனிப் பிரதம விருந்தினர்தான் மிச்சம்."

பிரதம விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்று பேரெடுத்தவர். வழக்கமாக அவருக்கு, முடியுங்கோ என்று துண்டு எழுதிக் கொடுப்பார்கள். அன்றைக்கு நாங்கள், இன்னும் பேசுங்கோ என்று எழுதிக் கொடுத்தோம். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு பல்லவர் காலத்தில் இருந்து தொடங்கினார்.

நான் நடுநடுவே வெளியே போய்ப் படிக்கட்டுக் கம்பியை வெறுங்கையால் பிடித்துப் பார்த்தேன். முதல் தரம் கை ஒட்டியது. அடுத்த தரமும் அப்படித்தான். அதற்கடுத்த தரம் ஐஸ் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்தது, கம்பியில் தண்ணீர் ஓடியது. உள்ளே போய்த் தலையை ஆட்டினேன். நண்பர் மேடையில் ஏறி, சோழர் காலத்தில் நின்ற அதிபரிடம் மைக்கைக் கும்பிட்டு வாங்கினார்.

"எங்கட வானிலை அண்ணை ஓம் எண்டிட்டார். இப்ப வெளிக்கிடுங்கோ. காரை ஆறுதலா ஓடுங்கோ. வீட்டை போனதும் ஒரு போன் அடியுங்கோ."

எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த நாள் முழுக்க அவருடைய வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

கடைசியில் எங்கள் இரண்டு குடும்பமும்தான் மிச்சம். உள்ளே பிள்ளையை மாலையோடு நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காரைப் பின்கதவுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி நண்பர் போனார். நான் பின்கதவைத் திறந்தேன். காற்று மேற்கில் இருந்து முகத்தில் அடித்தது. படிகளில் நின்ற தண்ணீர் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது. பிள்ளை செம்பஞ்சு பூசிய காலோடு, வெறும் ரப்பர்ச் செருப்பில் அந்த வழியாகத்தான் வரப்போகிறாள். உப்புப் போட்டால் ஐஸ் இளகும் என்று குசினிக்குப் போனேன். சமையலுக்குக் கொண்டுவந்த உப்புப் பையில் அரைவாசி இருந்தது. எடுத்துவந்து மேல்படியில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் குனிந்து தூவினேன். பையைத் தலைகீழாகத் தட்டி, கடைசி மணியையும் கீழ்ப்படியில் கொட்டினேன்.