பத்து வருடத்துக்கான இடம்

போர் முடிந்து, இருபது வருடத்துக்கு முன் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் சனம் சொந்த ஊருக்குத் திரும்பத் தொடங்கியிருந்த காலம். நாங்கள் அகதியாக வந்து குடியிருந்த புத்தளம் கரைத்தீவில், எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் குடும்ப விபரங்களைக் கம்பியூட்டரில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நான் படித்தது ஒரு ஆறு மாத வகுப்பு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

டேட்டாபேசை வைக்க, புத்தளம் டவுனில் ஒரு கடைக்காரர் தன் சேர்வரில் இடம் தருவதாகச் சொன்னார். இப்போது எவ்வளவு இடம் வேண்டும், பத்து வருடத்தில் எவ்வளவு வேண்டும் என்று எழுதி, ஜமாஅத் தலைவரின் கையெழுத்தோடு தரவேண்டும். தலைவர் என் வாப்பா.

முதல் கேள்வி லேசு. பெயர், பிறந்த திகதி, விட்டுவந்த ஊர், இப்போதிருக்கும் வீடு என்று ஒரு ஆளுக்கு எத்தனை எழுத்து வரும் எனப் பார்த்து, ஆட்களின் தொகையால் பெருக்க வேண்டும். தமிழ் எழுத்து கம்பியூட்டருக்குள் இங்கிலீஷ் எழுத்தைவிட மூன்று மடங்கு இடம் பிடிக்கும். எங்கள் ஆட்களின் பெயர்களோ ரயில் நீளம். எல்லாவற்றுக்கும் தாராளமாகவே விட்டேன்.

விடையைப் பார்த்ததும் பிழையென்று நினைத்து மறுபடி பெருக்கினேன். அதே விடைதான். எங்கள் முழு ஜமாஅத்தும் என் கல்யாண வீடியோவின் ஒரு சின்னத் துண்டுக்குள் அடங்கிவிட்டது.

கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். கையில் ஒரு பையோடு வந்து, கிடுகுக் கொட்டிலில் பிள்ளை பெற்று, உப்பளத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போன சனம். இவ்வளவு பேரும் இவ்வளவு இடத்துக்குள்ளா! வாய் திறந்தால் ஊரையே அடக்கும் பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒரே ஒரு வரிதான். சிரிப்பு வந்தது, மேலெல்லாம் சிலிர்த்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இரண்டாவது கேள்விதான் வில்லங்கம். பத்து வருடத்தில் எத்தனை பேர் கூடுவார்கள்?

“ஒருத்தரும் கூடமாட்டாங்க. சைபர் போடு மகள்,” என்றார் வாப்பா. “எல்லாரும் ஊருக்குப் போயிருவம்.”

கமிட்டியில் யாரைக் கேட்டாலும் அதே சைபர். ஒருவர் தன் வீட்டுக்கு இன்னொரு அறை கட்டிக்கொண்டிருந்தார். சீமெந்துக் கையோடு நின்றபடி அவரும் சைபர் என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வந்தபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது குர்ஆன் ஓதப் போகிறார்கள். இவர்களுக்குக் கண் தெரியாதா? நான் பாட்டுக்கு இரண்டு மடங்கு என்று எழுதி, அஸர் தொழுகை முடிந்து வந்த வாப்பாவிடம் நீட்டினேன்.

வாப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

“இவ்வளவு பேரும் ஆரு?”

“இனிப் பிறக்கப்போற பிள்ளையள், வாப்பா.” என் வயிற்றைக் காட்டினேன். “இதும் அதில ஒண்டு.”

எழுதும்போது வெறும் பெருக்கலாகத்தான் இருந்தது. இன்னும் முகம் இல்லாத, பெயர் வைக்காத அத்தனை பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன் என்பது, சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

“உன்ர பிள்ளை நம்மட ஊரில எல்லோ வளரும்?” என்றார் வாப்பா. “உனக்கும் சேர்த்துத்தானே அங்க வீட்டு வளவைத் துப்பரவாக்கி வெச்சிரிக்கன்.”

என் கணவர் இங்கே பக்கத்து ஊரான எத்தாளைக்காரர். அவருடைய தோட்டமும் தொழிலும் இங்கேதான். பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு வந்ததை அன்றைக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

“நாங்க வரயில்ல வாப்பா.”

வாப்பா பேனையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“சரி. இதில என்னைக் கழிச்சிட்டுப் போடு,” என்றார்.

அவர் எழும்பிப் போன பிறகு, கழித்துப் பார்த்தேன். கடைக்காரர் முழு மெகாபைட் கணக்கில்தான் கேட்டிருந்தார்; ஒரு ஆளைக் கழித்தால் அதில் தெரியவே தெரியாது. மொத்தம் முன்பு இருந்தபடியே இருந்தது. அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.