கண்ணைக் கட்டிக்கொண்டு வாசித்த பெண்

பீளமேட்டில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். கற்றல், நினைவாற்றல், சிந்தனை, அறிவுத்திறன் என்று வருடந்தோறும் அதே பாடங்கள்தான். எங்கள் சொந்தத்தில் இதை ஒரு படிப்பாகவே யாரும் மதிப்பதில்லை. விசேஷத்தில் பார்த்தால், "ஏனுங்க, எம்பட மனசுல என்ன இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. அண்ணன் தன் மகளை மூளைப் பயிற்சி வகுப்பில் சேர்த்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு பேக்கரியின் மேல்மாடியில் நடந்தது அந்த வகுப்பு. பிள்ளைகளின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, பாட்டுப் போட்டு உட்கார வைப்பார்களாம். நடுமூளை விழித்துக்கொள்ளுமாம். அப்புறம் கண்ணைக் கட்டியபடியே நிறம் சொல்வார்களாம், புத்தகம் வாசிப்பார்களாம், ஒருமுறை படித்தது ஆயுசுக்கும் மறக்காதாம். நடத்தியவர் அண்ணிக்கு ஒன்றுவிட்ட மாமன். அவர் வீடு தேடி வந்து சொன்னதும் அண்ணன் தலையாட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடப் பிறந்தவள் ஒருத்தி இதையே படித்து, இதையே நடத்திச் சம்பளம் வாங்குகிறாள் என்பது யார் நினைப்பிலும் இல்லை.

அண்ணன் மகள் அப்போது நான்காம் வகுப்பு. கணக்கை மெதுவாகத்தான் போடுவாள். ஆனால் ஏன் இப்படி வருகிறது என்று தெரியாமல் அடுத்த கணக்குக்குப் போகமாட்டாள். கேட்டுக் கேட்டு நம் உயிரை வாங்குவாள். அறிவு என்று நான் மதிப்பது அந்த நச்சரிப்பைத்தான். மாடி வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு அது நின்றுபோனது. என்ன கேட்டாலும் "தெரியலீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூட அலுப்பு என்று அண்ணி சொன்னார்.

தொண்டாமுத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்ததும் மண்டப மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். அண்ணனே துணியைக் கட்டினார். யாரோ அன்றைய நாளிதழைக் கையில் கொடுத்து, மைக்கை முன்னால் வைத்தார்கள். அவள் மோவாயைத் தூக்கினாள். நாளிதழை நெஞ்சோடு ஒட்டிக் கீழே பிடித்தாள். கொஞ்சம் திக்கி, கொஞ்சம் நிறுத்தி, நாலு வரி வாசித்தாள்.

மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே துணி ஒட்டாத சந்து ஒன்று இருக்கும். கண்ணாமூச்சி விளையாடிய எல்லோருக்கும் அது தெரியும். முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெரியம்மா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிதுக்கிய கையோடு கைதட்டவும் செய்தார். "என்னங்க பெரிம்மா இது?" என்றேன். "நம்ம ஊட்டுப் புள்ளைங்க அம்மணி. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?" என்றார். மண்டபமே தட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது அண்ணன்தான்.

மரியாதையாம், மண்ணாங்கட்டி! எந்தச் செயலை ஒட்டிப் பாராட்டு வருகிறதோ அதைத்தான் பிள்ளை திரும்பச் செய்யும் என்று வகுப்பில் தொண்டை வற்றச் சொல்கிறேன். அன்றைக்கு அத்தனை பெரியவர்களும் சேர்ந்து அவளுக்கு ஒளிந்து பார்ப்பதைக் கற்றுக்கொடுத்தார்கள், அதுவும் மைக் வைத்து.

கை கழுவும் இடத்துக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தாள். நான் போனதும் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அங்க எல்லாப் புள்ளைங்களுக்கும் தானாத் தெரியுதுங்க. எனக்கு மட்டும் ஒண்ணுமே தெரியறதில்லை, கறுப்பாத்தான் இருக்குது. நான் கீழ சந்துல பாத்துச் சொல்லிப்போடறேன். எனக்கு மட்டும் மூளை இல்லீங்களா அத்தை?"

அந்த மாடியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பிள்ளையும் இதையேதான் நினைத்திருக்கும். மற்றவர்களுக்கு நிஜமாகத் தெரிகிறது, நான்தான் மக்கு, நான்தான் திருடி என்று. ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்த வாய் எப்படி மூடியது என்று அப்போதுதான் புரிந்தது. மூளையை வளர்க்கிறேன் என்று அவள் மூளையின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்டார்களே, பாவிகள்!

"யாருக்குமே தெரியாது கண்ணு. யாராலயும் முடியாது. வா, அப்பாகிட்டச் சொல்லலாம்" என்றேன். பயந்தாள். ஆனாலும் என் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தாள்.

அண்ணன் காருக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மோட்டார் பம்பு செய்கிற பட்டறை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் ஒரு பம்பையும் வெளியே விடமாட்டார்.

"ஏனுங்கண்ணா, பம்புன்னா அத்தனை சோதிக்கறீங்க. துணிக்கடியில இருக்கற சந்துல கொஞ்சம் பஞ்சை அடைச்சுப் பாக்கத் தோணலையா உங்களுக்கு?"

என்னோடு சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதா அம்மணி? மொத நாளே தெரிஞ்சுபோச்சு. ஊடு தேடி வந்து கூப்பிட்ட மனுசன். நிறுத்திப்போட்டா அவரு மனசு சங்கடப்படுமில்ல? புள்ளைக்கு என்ன, ஒரு வெளையாட்டுத்தானே."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. அதை நான் சொல்வதற்குள் அவள் என் சேலையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"தெரிஞ்சேதான் கை தட்டுனீங்களாப்பா?"

அண்ணன் முகம் செத்துவிட்டது. "இல்ல கண்ணு..." என்று கையை நீட்டினார். அவள் போகவில்லை.

அவள் அந்த வகுப்புக்குப் போவது அதோடு நின்றது. அந்த மாமன் ஒன்றும் சங்கடப்படவில்லை, மேட்டுப்பாளையத்திலும் ஒரு கிளை திறந்துவிட்டார். அவள் இப்போது எட்டாவது படிக்கிறாள், கேள்விகளும் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டன. ஆனால் அவள் நன்றாக ஏதாவது செய்து, அண்ணன் "கெட்டிக்காரி கண்ணு" என்று சொன்னால், அவள் சந்தோஷப்படுவதில்லை. அது நிஜம்தானா என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.