துக்க வீட்டில் தூங்கிவிட்டேன்

எனக்குப் பத்து வயதில் அம்மா இறந்துபோனார். அதனாலோ என்னவோ, விழுப்புரம் பக்கம் சாவு விழுந்த வீடுகளுக்குப் போய் ஆறுதல் சொல்வதைப் பல வருடமாகச் செய்துவருகிறேன்.

அன்று காலையில் திண்டிவனத்தில் ஒரு வீடு. மதியம் கிளியனூரில், புருஷனை இழந்த செல்வியின் வீடு. அவள் பேசுவதைச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், அசதியில் அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது என் தலைக்கடியில் தலையணை இருந்தது. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"தப்பா நெனச்சிக்காதம்மா" என்று எழுந்தேன்.

"படுங்கக்கா. வர்றவங்கல்லாம் அழாத அழாதன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நீங்க தூங்கினப்பதான் நல்லா அழுதேன்" என்றாள்.

அம்மாவுக்குப் பிறகு, தூங்கும்போது யாரும் எனக்கு விசிறியதில்லை. சொல்ல வந்த ஆறுதல் எதையும் சொல்லாமல் மறுபடி படுத்துக்கொண்டேன்.