மொட்டை ஆப்ஷனலுங்களா?

நான்காம் வகுப்பில் ஆங்கில டீச்சர் சொல்லித்தந்த சொற்களில் எனக்குக் கேட்டவுடனே பிடித்துப்போனது ‘ஆப்ஷனல்’ ஒன்றுதான். மேட்டூர் சுற்றுலா ஆப்ஷனல் என்று அறிவித்துவிட்டு, “இஷ்டம்னா வரலாம், இல்லீன்னா வேண்டாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க” என்று விளக்கினார். அந்தக் கடைசி வாக்கியத்தில் சொக்கிப்போனேன். இப்படி ஒரு வசதி இருப்பதை வீட்டில் இத்தனை நாள் மறைத்துவிட்டார்களே என்று கோபமும் வந்தது.

அன்று முதல் பாகற்காய் ஆப்ஷனல், எண்ணெய்க் குளியல் ஆப்ஷனல். “அப்ப நாளைக்குச் சோறாக்கறதும் ஆப்ஷனலுதான் கண்ணு” என்றாள் அம்மா. அந்தச் சொல்லை அவளும் எடுத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு மொட்டைப் பேச்சு வந்தது. எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தபோது, லாரியோடு வடக்கே போயிருந்த அப்பா அங்கிருந்தபடியே என் முடியைக் குலதெய்வத்துக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். எனக்கோ ஆண்டுவிழா நடனம் நெருங்கிக்கொண்டிருந்தது. இடுப்பைத் தொடும் சடை இல்லாமல் மேடையேறுவதை நினைத்தாலே அழுகை முட்டியது.

“அப்பா, மொட்ட ஆப்ஷனலுங்களா?” என்று கேட்டு, அர்த்தத்தையும் விளக்கினேன்.

அப்பா சிரிக்கவில்லை. “சாமிகிட்ட வேண்டுனது கண்ணு. நாம மாத்தக்கூடாது.”

“அப்பச் சாமிகிட்டயே கேட்டுப்போடலாமுங்க” என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

எருமப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் கோயிலில் பூக்கேட்டோம். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன் வைப்பார்கள். குழந்தை அதில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மொட்டை. சிவப்பு வந்தால் கொஞ்சம் முடியைக் கத்தரித்துப் பூமுடி கொடுத்தால் போதும். பொட்டலங்களை அம்மாதான் மடித்தாள். நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு!

குதித்த குதியில், அம்மா அவசரமாக எடுக்கப்போன மற்றப் பொட்டலத்தையும் நானே பறித்துப் பிரித்தேன். அதுவும் சிவப்பு.

“அப்பா, சாமி ரெண்டு தடவ சொல்லீருச்சுங்க!” என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

பூசாரிக்கு அந்த நேரம் பார்த்து மணியைத் துடைக்கும் வேலை வந்துவிட்டது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அப்பாவின் மீசை லேசாக அசைந்தது. ஆனால் ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

சாமிக்கு என் சடை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று பூரித்துப்போய், பூமுடி கொடுக்கத் தலையைக் குனிந்தேன்.