முற்றுகைக்கு ஒரு படி அரிசி

பெங்களூரு பொம்மசந்திராவில் எங்கள் தொழிற்சாலை கேன்டீன் சமையல்காரர் ஒல்லியான மனிதர். பேசும்போதும் உலையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். தினமும் அரிசி களையும்முன் ஒரு படியைத் தனி டிரம்மில் போட்டுவைப்பார். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய கடற்கரை ஊர்க் கோட்டையை எதிரிப்படை முற்றுகையிட்டதாம். அன்றுமுதல் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பழக்கம். நாங்கள் கிண்டலடிப்போம்.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது தொழிற்சாலை கேட்டை மூன்று நாள் திறக்கவில்லை. உள்ளே மாட்டிய தமிழர், கன்னடர் அத்தனை பேருக்கும் அந்த டிரம்தான் சோறு போட்டது.

மூன்றாம் நாள் கேட்டேன்: "அண்ணே, கடைசியில உங்க கோட்டை பிடிபட்டுச்சாமே?"

முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பிடிபட்டுச்சு தம்பி. ஆனா பட்டினியால இல்ல."

சொல்லிவிட்டு, டிரம்மிலிருந்து அள்ளிய அரிசியிலேயே ஒரு படியைத் திரும்ப டிரம்மில் போட்டார்.