சரோஜாவின் ஸ்கேனும் செஞ்சி பஸ்ஸும்

இன்று மெட்ராஸில் என் சம்சாரம் சரோஜாவுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு இதயம் எப்படி வேலை செய்கிறது, இனிமேல் எப்படி இருப்பாள் என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் சொல்வார்களாம்.

டிவி மாதிரிப் பெட்டியில் அவள் இதயம் துடித்தது. நானே டாக்டருக்கு இரண்டு இடங்களைச் சுட்டிக்காட்டினேன். மனிதர் அசந்துபோனார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதயம் நல்லா சுருங்கி விரியுது. இனி பயமில்ல" என்றார்.

செஞ்சி பஸ்ஸில் ஏறியதும் சரோஜா கேட்டாள்: "டாக்டர் இன்னா சொன்னாரு?"

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

திண்டிவனம் தாண்டியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கறிவேப்பிலை வாங்கப் போனாக்கூட ஊருக்கே கதை சொல்ற ஆளு நீங்க. இன்னிக்கு ரெண்டே வார்த்தைல முடிச்சிட்டீங்களே. எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஐயோ, முழுசா எங்க கேட்ட? ஆஸ்பத்திரியில இருக்குற எல்லா டாக்டரையும் கூப்ட்டு உன் இதயத்தக் காட்டினாரு. இத வெச்சிக்கினு இந்தம்மா இடுப்புல குடம், முதுகுல புருஷன், ரெண்டோட நம்மூரு ராஜகிரி மலைக்கோட்டை ஏறலாம்னாரு!"

முன் சீட்டுக்காரர் திரும்பிச் சிரித்தார். சரோஜாவும் சிரித்துவிட்டாள்.

"அப்ப நெசமாவே நல்லாதான் இருக்குது" என்று என் தோளில் சாய்ந்தவள், செஞ்சி வரும்வரை தூங்கினாள்.

கோட்டை ஏற நாள் பார்க்கிறேன். குடம் தூக்க யார் வருகிறீர்கள்? நான் அவள் முதுகில் இருப்பேன்.